அவள் அழித்துவிட்ட முகவரி

எழுதிப் பழகாத கை இது. துப்பறியும் கதை எழுதும் துணிச்சலோ, கணினி நுட்பங்களை ஐயமற விளக்கும் ஆற்றலோ எனக்கு இருப்பதாக நான் எண்ணவில்லை. இருந்தும் எழுதத் துணிந்துவிட்டேன். வாசகப் பெருமக்கள் முதற்கண் இதனைப் பொறுத்தருள வேண்டும். அடிபட்ட பெண்களைப் பற்றிய கதையில் வேடிக்கைப் பேச்சு எதற்கு என்று எவரேனும் வினவினால், அதற்கும் சேர்த்தே மன்னிப்புக் கோருகிறேன். அந்தப் பேச்சு என்னுடையது அன்று, கதையில் வரும் கொழுந்தனாருடையது.

தையல்காரியின் வலது கை, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மாவுக்கட்டுக்குள் இருந்தது. மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார் தணிக்கையம்மா. இருபத்தாறு ஆண்டுகள் அரசுத் தணிக்கைத் துறையில் பிறருடைய பிழைகளைத் தேடிக் கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடாததால் துப்பறியத் தொடங்கியவர். அழைக்கும் பெயர் மட்டும் பழைய வேலையிலேயே நின்றுவிட்டது.

அவரை அமர்த்தியிருந்தது ஒரு பெண்கள் இல்லம். கணவன் கைக்குத் தப்பி ஓடி வரும் பெண்களை மூன்று மாதம் வைத்திருந்து, பின்னர் வேலை தேடிக் கொடுத்து, வெவ்வேறு இடங்களில் மறைவாகக் குடியேற உதவுவது அதன் பணி. பாதுகாப்புக்காக, அவர்கள் பிடிக்கும் அறையின் முகவரியை இல்லம்கூடக் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. அப்படிக் குடியேறியவர்கள் பதினான்கு பேர். கடந்த மூன்று வாரங்களில் அவர்களுள் மூவருடைய வாசலுக்கு அவரவர் கணவன்மார் வந்துவிட்டனர். மூன்றாமவள் இந்தத் தையல்காரி. எஞ்சிய பதினொருவருள் அடுத்தவள் யார் என்பது தெரியவருமுன் ஓட்டை எங்கே என்பதைக் கண்டாக வேண்டும்.

"திரும்பத் திரும்பக் கேக்குறேன்னு கோச்சுக்காதம்மா. புது வீட்டு அட்ரஸ யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல."

"இல்லத்துல ஃபோன் எடுக்குற அக்காகிட்ட?"

தையல்காரி முகத்தைத் திருப்பினாள். உதட்டில் தையல் போட்டிருந்தார்கள். "அந்தக்கா கேக்கவே மாட்டாங்கம்மா. நாமளே சொல்ல வந்தாக்கூட, 'வேணாம் தாயி, எனக்குத் தெரிய வேணாம்'னு பேச்சை மாத்திருவாங்க."

"அப்போ அவன் எப்படி வந்தான்?"

ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவள் போலத் தணிந்த குரலில் சொன்னாள்: "எழுதினேம்மா. ஆனா அனுப்பல."

"புரியும்படியா சொல்லு."

திங்கட்கிழமைதோறும் இல்லத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, நலமாக இருப்பதாக இரண்டு வரி எழுத வேண்டும் என்பது அங்கே விதி. போன திங்களன்று, இல்லத்தில் விட்டு வந்த தையல் மெஷினை அனுப்பித் தரச் சொல்லலாம் என்று கட்டத்துக்குள் முகவரியை அடித்திருக்கிறாள். அடித்து முடித்ததும் மனம் மாறியிருக்கிறது. ஓர் எழுத்து விடாமல் அழித்துவிட்டு, 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் அனுப்பியிருக்கிறாள். மூன்றாம் நாள் கதவு உடைந்தது.

"அறையில வேற யாராவது?"

"நான் மட்டுந்தான். ஜன்னல்கூடச் சாத்தியிருந்துச்சு."

தணிக்கையம்மா எழுந்திருக்கப் போனார். அப்போதுதான் அவள், பேச்சோடு பேச்சாக, அந்த வார்த்தையைச் சொன்னாள்: "பாவம், பதினேழாம் நம்பர் வீட்டம்மாவும் பயந்துட்டாங்க. நேத்து பாக்க வந்தாங்க. மொதல்ல அவங்க கதவத்தான் உதைச்சிருக்கான்."

"உன் வீடு எழுபத்தொண்ணுல்ல?"

"ஆமாம்மா."

"நடுவுல வேற எந்த வீட்டையாவது தட்டினானா?"

"இல்லையாம். அந்தம்மா 'இங்க அப்படி யாரும் இல்லை'ன்னதும் கையில இருந்த ஃபோனைப் பாத்திருக்கான். நேரா என் வாசலுக்கு வந்துட்டான்."

தணிக்கையம்மா மறுபடி அமர்ந்தார். கேட்கப்போகும் கேள்விக்கு என்ன பதில் வரும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் கேட்கத் தயக்கமாக இருந்தது.

"நீ அடிக்கும்போது, நம்பரை மொதல்ல தப்பா அடிச்சியா?"

தையல்காரியின் கண்கள் அகன்றன. "பதினேழுன்னு அடிச்சுட்டேன். அப்புறம்தான் எழுபத்தொண்ணுன்னு திருத்தினேன். அது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியாது," என்றார் தணிக்கையம்மா. "அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

மருத்துவமனை வாசலில், மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்தபடி காத்திருந்தார் அவருடைய மறைந்த கணவரின் தம்பி. நாற்பத்திரண்டு வயது, கணினி பழுதுபார்ப்பது தொழில். எதைப் பிரித்து மாட்டினாலும் இறுதியில் ஒரு திருகாணி மிஞ்சிவிடும் என்பதால் 'ஸ்க்ரூ' என்று பெயர். அந்தப் பெயரையே கடைப் பலகையிலும் எழுதி வைத்துவிட்ட மனிதர் அவர்.

"என்ன அண்ணி, முகம் செத்துக் கிடக்கு?"

தணிக்கையம்மா விஷயத்தைச் சொன்னார். ஸ்க்ரூ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அனுப்பின கடுதாசியைப் பிரிச்சுப் படிக்கிறவனைப் பாத்திருக்கேன். எழுதும்போதே தோளுக்குப் பின்னால நின்னு படிச்சிருக்கான் இவன். ஏறுங்க."

இல்லம் ஒரு சந்தின் முனையில், பெயர்ப்பலகை இல்லாத மஞ்சள் கட்டடம். ஆண்கள் எவருக்கும் உள்ளே அனுமதி கிடையாது. தண்ணீர்க் குழாய் பழுதானால்கூடப் பெண் பிளம்பர் வரும்வரை வாளியோடு காத்திருப்பார்கள். ஆகவே ஸ்க்ரூ எதிரிலிருந்த பஞ்சர் கடையின் பெஞ்சில் அமர்ந்து, மடிக்கணினியை விரித்தார்.

"வாசல்லயே நில்லுன்னு என்னைச் சொல்றது இது முதல் வீடு இல்ல அண்ணி. என் மாமனார் பதினஞ்சு வருஷமா சொல்லிட்டிருக்கார். நீங்க போங்க."

பெஞ்சின் மறுமுனையில், மடியில் துணிப்பையுடன் ஒரு பெண்மணி அமர்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கண்கள் சிவந்திருந்தன. இல்லத்தில் பதினோரு ஆண்டுகளாகத் தொலைபேசி எடுக்கும் ஃபோன் அக்கா அவள்தான் என்று அறிய, தணிக்கையம்மாவுக்கு ஒரு நொடி பிடித்தது.

"இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

"போகச் சொல்லிட்டாங்கம்மா," என்றாள் ஃபோன் அக்கா. "பஸ்ஸு வரட்டும்னு..."

மூன்று பூட்டுகள் திறக்கப்பட்டு, மூன்றும் மீண்டும் பூட்டப்பட்டன. தலைவியின் அறை ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. இரும்பு அலமாரி, ஒரு கணினி, மேசைமேல் தொலைபேசி. தலைவி, முப்பது ஆண்டுகளாக இந்த வேலையில் தேய்ந்த மனுஷி. இரண்டு முறை கத்திக்குத்து வாங்கியவர். அவருடைய எச்சரிக்கையைக் குறை கூறும் தகுதி இதை எழுதுபவருக்கு இல்லை.

"காலையிலேயே அவகிட்ட சாவியை வாங்கிட்டு அனுப்பிட்டேன்," என்றார் தலைவி. "இங்க எந்த நம்பரும் பேப்பர்ல எழுதக்கூடாது. பதினாலு பேர் ஃபோன் நம்பரும் அவ தலைக்குள்ளதான் இருக்கு. வேற யாரால காட்டிக்கொடுக்க முடியும், சொல்லுங்க?"

"காட்டிக்கொடுத்தவங்களுக்கு அழிச்ச நம்பர் எப்படித் தெரியும்?" என்று கேட்டார் தணிக்கையம்மா. பதினேழும் எழுபத்தொன்றும் எப்படி வந்தன என்று விளக்கினார். "அந்தப் பொண்ணு முகவரியை உங்களுக்கு அனுப்பவே இல்லை. உங்க அலமாரியிலயும் அது இல்லை, ஃபோன் அக்கா தலையிலயும் இல்லை. ஆனா வந்தவன் தப்பு நம்பருக்கும் போனான், சரி நம்பருக்கும் போனான். எழுதினதையும் திருத்தினதையும் எழுத்து எழுத்தா பாத்துட்டிருந்த ஒருத்தன் சொல்லித்தான் வந்திருக்கான். முன்னாடி மாட்டின ரெண்டு பேர்?"

"அவங்களும் அட்ரஸ் எழுதினாங்க," என்றார் தலைவி மெல்ல. "ஒருத்தி மருந்து அனுப்பச் சொல்லி. இன்னொருத்தி பையனோட ஸ்கூல் சர்ட்டிஃபிகேட் கேட்டு."

"அட்ரஸ் எழுதாதவங்கள்ல யாராவது மாட்டினாங்களா?"

தலைவி இல்லையென்று தலையசைத்தார்.

கைப்பேசி ஒலித்தது. தணிக்கையம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணி, இல்லத்துப் பக்கத்துல ஒரே ஒரு எழுத்து அடிச்சேன். அனுப்புற பொத்தானைத் தொடவே இல்லை. அந்த ஒரு எழுத்தும் அப்பவே கிளம்பி வெளிய போகுது. இல்லத்துக்கு இல்லை, வேற எங்கயோ."

"எது அனுப்புது?"

"ஒரு பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. லைப்ரரின்னா வேற ஒண்ணுமில்ல அண்ணி, எவரோ எழுதி வெச்ச கம்ப்யூட்டர் கோட். எல்லாரும் எடுத்துப் பயன்படுத்திக்கலாம். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா நம்ம எழுத்தா மாத்திக் கொடுக்கும். பன்னெண்டு வருஷம் முன்னாடி தேவைப்பட்டுச்சு. இப்ப எந்த ஃபோனை எடுத்தாலும் நம்ம எழுத்து இருக்கு, இது சுத்தமா வேண்டாத பொருள். ஆனா இந்தப் பக்கம் திறக்கும்போதெல்லாம் அதே பழைய இணைய முகவரிக்கு ஓடிப்போய் அந்த லைப்ரரியைக் கேட்டு வாங்கிட்டு வருது."

"வாங்கிட்டு வந்தா என்ன?"

"எழுதினவர் அந்த முகவரியைக் கைவிட்டுட்டார். வருஷா வருஷம் புதுப்பிக்கணும், புதுப்பிக்கல. ரெண்டு வருஷம் சும்மா கிடந்துச்சு. நாலு மாசம் முன்னாடி வேற எவனோ வாங்கிட்டான். பழைய கோட் அப்படியே இருக்கு. அடியில மட்டும் ஒன்பது வரி புதுசு. எழுத்தை மாத்திக் கொடுக்குற கருவின்னா ஒவ்வொரு எழுத்தையும் அது பாத்துத்தானே ஆகணும்? பாக்குறதுல ஒரு நகலை வெளிய அனுப்புது, அவ்வளவுதான்." சிறிது நிறுத்திவிட்டு ஸ்க்ரூ தொடர்ந்தார்: "என்னை மாதிரி ஒரு அப்பாவியை பஞ்சர் கடையில உக்கார வெச்சுட்டாங்க. செத்துப்போன தபால்காரனோட சட்டையை மாட்டிட்டு ஒருத்தன் தினமும் உள்ள போய், எல்லார் கடுதாசியும் படிச்சுட்டு வர்றான், படிச்சதை அந்தப் புருஷன்மாருக்குச் சொல்றான். அவனை ஒரு பூட்டும் கேக்கல."

தலைவி மேசை இழுப்பறையைத் திறந்து, மூன்று கடிதங்களை எடுத்து வைத்தார். இணையப் பக்கத்தை அமைத்துக் கொடுத்தவர் எழுதியவை; ஆண்டுக்கு ஒன்றாக வந்தவை. மூன்றிலும் ஏறத்தாழ ஒரே செய்தி: பக்கத்தில் உள்ள லைப்ரரிகள் மிகவும் பழையவை; அவற்றுள் ஒன்றை எழுதியவர் கைவிட்டுவிட்டதாக அறிகிறேன்; ஒரே ஒரு நாள் அனுமதி தந்தால் அகற்றிவிடுவேன், கட்டணம் வேண்டாம். மூன்றின் ஓரத்திலும் தலைவியின் சிவப்பு மையெழுத்து: 'வெளி ஆட்களுக்கு அனுமதி இல்லை. பக்கம் நன்றாகவே இயங்குகிறது.'

"ஏமாத்துறான்னு நெனச்சேன்," என்றார் தலைவி. "ஓசியில வேலை செஞ்சு தர்றேன்னு ஒரு ஆம்பளை திரும்பத் திரும்பக் கேட்டா, இங்க இருக்கிற நாங்க என்ன நெனைப்போம்? நீங்களே சொல்லுங்க."

தணிக்கையம்மா சொல்ல நினைத்தது வேறு. ஆனால் அந்த வேளையில் அவர் பார்வை கணினித் திரையில் விழுந்தது. இல்லத்தின் பக்கம் திறந்திருந்தது. உச்சியில், பெரிய எழுத்துகளில் ஓர் அறிவிப்பு.

'அன்புச் சகோதரிகளே, உங்கள் பாதுகாப்பைக் கருதி, தற்போது வசிக்கும் முகவரியை இன்று தவறாமல் இங்கே எழுதி உறுதிசெய்யவும்.'

"இது என்ன?"

"நீங்கதானே நேத்து சொன்னீங்க, மீதி பதினோரு பேரும் பத்திரமா இருக்காங்களான்னு உடனே பாக்கணும்னு. ஃபோன்காரி மேல நம்பிக்கை போயிடுச்சு. அதான் காலையில எட்டு மணிக்கு நானே இதைப் போட்டேன். திங்கக்கிழமை, எப்படியும் எல்லாரும் வருவாங்களேன்னு..."

பேச்சு பாதியில் நின்றது. தாம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

பாக்கணும் என்று சொன்னவர் தணிக்கையம்மா. எப்படிப் பார்ப்பது என்று சொல்லாமல் போனவரும் அவரே. இருபத்தாறு ஆண்டுகள் பிறர் விட்ட வரியைச் சுட்டிக்காட்டிய வாய் அது.

"எத்தனை பேர் எழுதியிருக்காங்க?"

தலைவி எண்ணினார். "ஏழு."

மணி பதினொன்றரை ஆகியிருந்தது.

"தம்பி, கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி." ஸ்க்ரூவின் குரலில் விளையாட்டு துளியும் இல்லை. "பக்கத்தை மொதல்ல இறக்கச் சொல்லுங்க."

தலைவி அழைக்க, பக்கம் அமைத்தவர் இரண்டாவது மணியிலேயே ஃபோனை எடுத்தார். எழுத்துமூலம் உத்தரவு இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று தயங்கினார். "என் உத்தரவைக் குப்பையில போடுய்யா!" என்று தலைவி கத்தியது மாடிவரை கேட்டது. நான்கு நிமிடத்தில் பக்கம் வெறுமையானது. ஆயினும் ஏழு முகவரிகள் ஏற்கெனவே போய்விட்டன. போனதைத் திரும்ப அழைக்க எந்தப் பொத்தானும் இல்லை.

அந்த ஏழு பேரையும் எச்சரிக்க வேண்டும். அவர்களுடைய எண்கள் எந்தத் தாளிலும் இல்லை.

தலைவி தாமே எழுந்து போய், மூன்று பூட்டுகளையும் தம் கையால் திறந்தார். பஞ்சர் கடைப் பெஞ்சின் முன் போய் நின்றார். "நீ வா. பதினோரு பேரையும் உடனே வீட்டை விட்டுக் கிளப்பணும்," என்றார்.

"பஸ்ஸை ரெண்டு தடவை விட்டுட்டாங்க," என்றார் ஸ்க்ரூ. "நான்தான் பேச்சுக் கொடுத்து உக்கார வெச்சேன். அதுக்காவது ஒரு தடவை என்னை உள்ள விடலாம்."

ஃபோன் அக்கா தலைவியின் முகத்தைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டினாள். விடுவிடுவென்று உள்ளே நடந்தாள். தொலைபேசியின் முன் அமர்ந்து, கண்ணை மூடி, முதல் எண்ணை அழுத்தத் தொடங்கினாள்.

"தாயி, நான்தான். பேசாத, கேளு. கையில இருக்கிறதைக் கீழ வை. பிள்ளையைத் தூக்கு. கூட்டம் இருக்கிற எடத்துக்குப் போ. துணிமணி வேணாம். சொல்றேன்ல, வேணாம். எங்கன்னு என்கிட்ட சொல்லாத. போய்ச் சேந்துட்டு எனக்கு ஃபோன் அடி."

அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொருத்தியிடமும் ஒரே வார்த்தைகள், ஒரே நிதானம். எழுதாதவர்களுக்கும் சேர்த்துப் பதினொருவரையும் அழைத்தாள். ஒருத்தி வேலையிடத்தில் இருந்தாள். ஒருத்தி குளித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி, "இந்த வீட்டை விட்டு நான் இனி எங்கயும் வரமாட்டேங்க்கா, என்ன ஆனாலும் ஆகட்டும்" என்று அழுதாள். அவளைக் கிளப்ப எட்டு நிமிடம் ஆயிற்று.

ஒன்பதாவது எண் அடித்துக்கொண்டே இருந்தது.

"இது யாரு?" என்றார் தணிக்கையம்மா.

"இஸ்திரி போடுற பொண்ணு," என்றாள் ஃபோன் அக்கா. "மொதல் மணியிலயே எடுப்பா. எப்பவும்."

தலைவி, ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த செய்திகளைத் திரையில் பார்த்தார். இஸ்திரிக்காரி காலை எட்டேகாலுக்கே எழுதியிருந்தாள், எல்லோருக்கும் முதலில். தெரு, கதவு எண், எந்தப் பக்கமாக வந்தால் எளிது என்பது வரை. கீழே, 'எங்களைப் பற்றி நினைத்ததற்கு நன்றி அம்மா' என்று ஒரு வரி.

தணிக்கையம்மா கைப்பேசியில் ஸ்க்ரூவிடம் முகவரியைச் சொல்லி முடிக்கும் முன்பே வெளியே மோட்டார் சைக்கிள் கிளம்பியது. காவல் நிலையத்துக்கும் சொல்லியாயிற்று. தணிக்கையம்மா கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தார். மேசையருகே ஃபோன் அக்கா மீதி இருவரையும் அழைத்து முடித்துவிட்டு, ஒன்பதாவது எண்ணை மறுபடி அழுத்தினாள். மறுபடியும்.

இருபத்து மூன்று நிமிடங்களுக்குப் பின் ஸ்க்ரூ பேசினார்.

"அண்ணி, கதவு திறந்து கிடக்கு. இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடாத்தான் இருக்கு, போட்டிருந்த சட்டை கருகிட்டு இருந்துச்சு, அணைச்சுட்டேன். ஃபோன் கட்டிலுக்கு அடியில அடிச்சிட்டே இருக்கு. அக்காவை நிறுத்தச் சொல்லுங்க. இங்க யாரும் இல்லை."

தணிக்கையம்மா ஃபோன் அக்காவின் தோளில் கை வைத்தார். அவள் ரிசீவரைக் கீழே வைத்தாள்.

அன்று மாலை, காவல்துறைக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையின் இறுதிப் பத்தியைத் தணிக்கையம்மா தம் கைப்பட எழுதினார். அதில் கருத்து எதுவும் சேர்க்கவில்லை. அதன் வாசகம் பின்வருமாறு:

வெளியே போன முகவரிகள், முந்தைய மூன்றையும் சேர்த்துப் பத்து. ஒரே நாளில் காலி செய்யப்பட்ட வீடுகள், எழுதாதவர்களுடையதையும் சேர்த்துப் பத்து. வேலையை விட்டவர்கள் எட்டுப் பேர். பள்ளியிலிருந்து பாதி வகுப்பில் அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் ஆறு பேர். ஒரு தையல்காரியின் வலது கை. இரண்டு விரல்கள் இனி மடங்கா என்கிறார் மருத்துவர். காணாமல் போனவர்கள் இருவர்: இஸ்திரி போடும் பெண், வயது இருபத்தெட்டு, அவள் மகள், வயது ஐந்து. இல்லத்தின் தொலைபேசி ஊழியர் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவர் தம் பணிக்குத் திரும்ப விரும்பவில்லை என்று தெரிவித்துள்ளார்.